சந்து தெரியாத கதவு

தகரம் வெட்டுற தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், வெட்டுறதுக்கு முன்னாடி வர்ற பயம் எத்தனை வருசமானாலும் போகாது. பதுளையில வேன், பஸ்ஸுன்னு எல்லாத்துக்கும் டிங்கர் வேலை பார்த்தவன் நான். வடக்குல ஆமிக்கும் தமிழ் இயக்கத்துக்கும் சண்டை நடந்துகிட்டிருந்த தொண்ணூறுகள்ல, ஒரே ஒரு வண்டிக்குக் கதவு வச்சுப் பட்ட பாட்டை மட்டும் சொல்றேன்.

மொத வெட்டு

பசறை மாணிக்கம் அண்ணன் தேயிலைத் தோட்டம் தோட்டமாப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர். ஜீப்புக்குப் பின்னாடி கொழுவி இழுக்கிற பழைய கேரவன் ஒன்னு வச்சிருந்தார். ஸ்டூடியோவும் அதுதான், படுக்கிறதும் அதுலதான். உள்ள சாமான் நெறைஞ்சு, படம் எடுக்க வர்றவங்களுக்குக் கால் வைக்க எடமில்ல. கட்டிலுக்குக் கீழ கெடக்கிற எடத்தை வெளியிலேருந்து தொறந்து சாமான் போடுற மாதிரி, பக்கவாட்டுல ஒரு கதவு வேணும்னார்.

நல்லா இருக்கிற சுவத்துல ஓட்டை போடணும். வயர் எங்க ஓடுது, மரச்சட்டம் எங்க நிக்குதுன்னு தட்டித் தட்டித்தான் கண்டுபிடிக்கணும். தப்பா வெட்டினா மனுசன் பொழப்புல மண்ணு. கட்டரைக் கையில எடுத்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. என் மூஞ்சியைப் பார்த்துட்டு அண்ணன் சொன்னார்: "வெட்டு தம்பி. நான் அந்தப் பக்கமா திரும்பி நின்னுக்கிறேன்."

நல்லாத்தான் இருக்கு

வெட்டி எடுத்த தகரத்தையே கதவாக்கி, கீலை உள்பக்கம் மறைச்சு, மழைத்தண்ணி எறங்காம சுத்தி ரப்பர் ஒட்டி, அதே வெள்ளைப் பெயிண்டை அடிச்சேன். கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற சந்தே கண்ணுக்குத் தெரியல. கைபுடி கூடக் கெடையாது. ஓரத்துல அமுக்கினாத் தொறக்கும். என்கூட வேலை செஞ்ச வெல்டர் பியதாச சிங்கள ஆளு, தமிழ் நம்மள மாதிரியே பேசுவான். சுத்திச் சுத்தி வந்து தடவிப் பார்த்தான். பாராட்டுவான்னு நின்னேன். அவன் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "மச்சான், ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் எனக்குப் பயம்," அப்படின்னான்.

ஹல்துமுல்லை ரோட்டுல

கதவு குலுக்கலுக்குத் தாங்குதான்னு பார்க்க, நானும் ஜீப்புல ஏறி ஹல்துமுல்லைப் பக்கம் போனேன். வழியில ஆமி செக்பாயின்ட். அண்ணன் கேரவனுக்குள்ள எல்லாத்தையும் காட்டி, "இவ்வளவுதான் சேர்"னு சொல்லிட்டார். புதுக் கதவு அவர் ஞாபகத்துலயே இல்ல. பக்கவாட்டைத் தட்டிக்கிட்டே வந்த சிப்பாய் அந்த எடத்துல நின்னான். விரலை ஓட்டினான். அமுக்கினான். கதவு சத்தமில்லாமத் தொறந்துச்சு.

உள்ள நீலத் துணியில சுத்தி, நீளமா ஒன்னு. கேமரா ஸ்டாண்டுதான், ஆனா பார்க்கிறவனுக்கு அது சுடுற துவக்கு. ரெண்டு பேரும் ரோட்டுல முட்டி போட்டோம், கை தலைமேல. அப்பல்லாம் நம்ம ஆளுங்களை ஆமி புடிச்சு ஏத்திக்கிட்டுப் போனா எங்கன்னு கேக்க நாதியில்ல, உங்களுக்குத் தெரியாததா. என் பிள்ளைங்க மூஞ்சி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. துணியை அண்ணனையே அவுக்கச் சொன்னாங்க. முடிச்சுல அவர் விரல் நிக்கவே இல்ல.

கடைசியில ஸ்டாண்டோட மூணு காலும் வெளிய வந்துச்சு. அதுக்கு அடியில காலர்ல ஒட்டுப் போட்ட ஒரு கறுப்புக் கோட்டு. இது யாருதுன்னு சார்ஜன்ட் கேட்டார். தோட்டத்துல படம் எடுக்கிற ஆம்பளைங்க எல்லாரும் இதைத்தான் மாட்டிக்குவாங்கன்னு அண்ணன் அழுகிற குரல்ல சொன்னார். சார்ஜன்ட் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதுல இருந்ததும் அண்ணன் எடுத்த படம்தான், நானும் அதே கோட்டுல, அதே ஒட்டோட இருந்தேன். கோட்டையும் படத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, அட்டையைக் கையில கொடுத்து சிங்களத்துல சொன்னார்: "இன்னைக்கு இங்க நான் நின்னேன், விட்டுட்டேன். நாளைக்கு வேற ஆள் நிப்பான்."

ஸ்டாண்டு இல்லாத படம்

அடுத்த வாரம் அண்ணன் கேரவனைக் கொண்டாந்து நிறுத்தினார். கதவைச் சுத்திச் செவப்புப் பட்டை அடிச்சு, பெரிய கைபுடி வச்சு, சாமான் பெட்டின்னு மூணு பாஷையிலயும் எழுதச் சொன்னார். செஞ்சு கொடுத்தேன். தொறந்து பார்த்தா உள்ள கோட்டு மட்டும் கெடக்கு. ஸ்டாண்டை வீட்டுல போட்டுட்டு, கேமராவைக் கையிலயே புடிச்சு எடுக்கிறாராம். பாதிப் படம் கலங்கிப் போகுதாம். அட்டையில கலங்குன மூஞ்சியோட செக்பாயின்ட்ல எப்படி நிக்கிறதுன்னு தோட்டத்து ஆளுங்க சண்டைக்கு வர்றாங்களாம். இப்பத்தான் கதவு நல்லாத் தெரியுதே, ஸ்டாண்டைத் தைரியமா ஏத்திக்கிட்டுப் போங்கண்ணேன்னு சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "ஸ்டாண்டு இல்லாட்டிப் படம் ஆடுது தம்பி. அதை வண்டியில ஏத்தினா நான் ஆடுறேன்."

சண்டை முடிஞ்சு எத்தனையோ வருசமாச்சு, இன்னைக்கும் யாராச்சும் வந்து சந்து தெரியாமக் கதவு வைக்கணும்னு கேட்டா, எனக்கு அந்த வேலை தெரியாதுங்கன்னு சொல்லி அனுப்பிடுறேன்.