மரகதம் அக்கா வீட்டு பேட்டரி

மரகதம் அக்கா நெஞ்சுவலியில் போய்விட்டதாக அவர் மகன் போனில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் ஒரு பயம் வந்தது: என் பாப்பாவுக்கு மூச்சிரைத்தால் இனி நெபுலைசர் மிஷினை எங்கே ஓட்டுவேன்? அக்காவை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

வெள்ளகோவிலைத் தாண்டி, பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீடும் அக்கா வீடும். இரண்டுக்கும் கரண்ட் லைன் வரவில்லை. ஒரே கடையில்தான் சோலார் வாங்கினோம். எங்கள் பேட்டரியில் என் கணவர் போர்வெல் தண்ணீரை ஊற்றினார். அந்த உப்பில் அது சீக்கிரமே செத்தது. அக்காவோ பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வரும்போது டிஸ்டில்டு வாட்டர் கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். "நாம குடிக்கற தண்ணி அதுக்கு ஆகாதுங்கண்ணு" என்பார். பிறகு நாங்கள் ஜெனரேட்டர் வாங்கினோம். அதன் புகையில் பாப்பாவுக்கு இரைப்பு கூடியது. அவளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே ஓடினேன்.

ஒரு மழைக்காலத்தில் வெயிலே இல்லை, பேட்டரியில் சார்ஜும் குறைவு. எங்களைக் கண்டதும் அக்கா டிவியை அணைத்தார். பிரிட்ஜையும் நிறுத்தினார்.

"நாடகம் பாருங்கக்கா, மிஷின் கொஞ்ச நேரந்தான்."

"அந்த மாமியா இன்னைக்கும் அழுவா, நாளைக்கும் அழுவா. இவளுக்கு மூச்சு இப்ப வேணுமல்லோ."

என்னிடம் மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிற பாப்பா அவர் மடியில் அடங்கி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "நான் பெரீம்மாகூடவே இருக்கறேன்" என்றாள். அந்தப் பேட்டரிமீது ஏற்கெனவே இருந்த பொறாமை அன்று மடிமீதும் வந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "ஏங்கண்ணு உர்ருனு இருக்கற? உம்புள்ளைய எழுதியா வாங்கிக்கப் போறேன்?"

"வாங்கிக்கங்கக்கா. ராத்திரி அழுதா நீங்களே எந்திரிச்சுப் பாத்துக்கங்க."

"அப்ப வேண்டாஞ் சாமி" என்று சிரித்தார்.

காரியம் முடிந்ததும் அவர் மகன் பேனலையும் பேட்டரியையும் எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து மாட்டினார். "நான் குடியிருக்கற அருள்புரத்துல கரண்ட் இருக்குதுங்க. தனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாப்பாவுக்குத்தான்னு அம்மா சொல்லீருந்தாங்க."

இப்போது மிஷின் எங்கள் வீட்டிலேயே ஓடுகிறது. பாப்பா என் மடியில் உட்கார்ந்து, மாஸ்க்கை எடுக்காமல் மூச்சிழுக்கிறாள். "பெரீம்மா இப்படிப் புடிக்க மாட்டாங்க" என்று என் விரல்களை நகர்த்தி வைக்கிறாள். அவள் வைத்த இடத்திலேயே பிடித்திருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடி. பொறாமையும் போகவில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும்.