செருபாபேலுக்கு ‘முடியாது’ வரவில்லை

வைட்ஃபீல்டில் என் மகளின் வீட்டுக்குப் போன வாரம் ஒரு வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. எல்லோரும் மெஷினைச் சுற்றி நிற்க, நான் மட்டும் அது வந்த அட்டைப் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்துகொண்டிருந்தேன். “அம்மா, என்ன பண்றே? அத லிஃப்ட் பக்கத்துல வெச்சிடு, ஹவுஸ்கீப்பிங்ல எடுத்துப்பாங்க” என்றாள் மகள். புது அட்டைக்கென்று ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? மரத்தூளில் மாவுப் பசையைக் குழைத்தது போல இருக்கும். அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும். பொம்மனஹள்ளியில் ஒரு தகரக் கொட்டகையில், பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே தொண்டை கட்டிப்போய் நின்றுகொண்டிருப்பேன்.

கோலார் தங்கவயலில் பிறந்தவள் நான். வேலை தேடி அக்கா வீட்டுக்கு வந்து, ஒசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தேடித் தேடி வெட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகரக் கொட்டகைதான் எங்கள் சபை. அங்கே நான் டீச்சரான கதை பெருமைக்குரியதல்ல. “பிள்ளைங்களுக்கு யாரு கத சொல்லிக் குடுக்கறீங்க?” என்று பாஸ்டர் கேட்ட நேரத்தில், ஃபேன் காற்று என் பக்கம் வருகிறதா என்று பார்க்கக் கையைத் தூக்கினேன். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கையை எப்படி இறக்குவது?

தொண்ணூற்றிரண்டு மே மாதம். பள்ளி லீவில் பத்து நாள், சாயங்காலங்களில், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவோம்; பாட்டு, கதை, ஒரு டம்ளர் ரஸ்னா, இரண்டு பிஸ்கட். அந்த வருஷம் அதை நடத்தலாமா என்றே பெரியவர்கள் யோசித்தார்கள். முந்தைய டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றியெரிந்திருந்தது. எங்கள் சந்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு தெருவில் தமிழ் பேசினால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். பஸ்ஸில் என் அக்கா வீட்டுக்காரர் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் வாய்க்குள்ளேயே கன்னடத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். சபையில் பாட்டுக்கூட முணுமுணுப்பாகத்தான் வந்தது. டிரம்மை ஜமுக்காளத்தில் சுற்றி மூலையில் வைத்திருந்தார்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட கதை, எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டிய கதை. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்கள், கோரேஸ் ராஜா விடுதலை கொடுத்ததும் ஊர் திரும்புகிறார்கள். இடிந்து கிடக்கும் இடத்தில் செருபாபேல் என்கிற தலைவன் அஸ்திவாரம் போடுகிறான். பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் அதை நினைத்து ஓவென்று அழ, வாலிபர்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரிக்க, அழுகை எது, சிரிப்பு எது என்று யாருக்கும் பிரிக்கத் தெரியவில்லையாம். சத்தம் வெகுதூரம் கேட்டதாம். இதைச் சொன்னபோது எனக்கே சிலிர்த்தது. “நாமளும் கட்டலாம்! கடைசி நாள் நாடகமா போடலாம்!” என்று கத்திவிட்டேன். எதைக் கொண்டு கட்டுவது என்று அப்புறம்தான் யோசித்தேன்.

கம்பெனியில் சட்டைகளை அடைத்துக் கப்பலேற்றும் அட்டைப் பெட்டிகள் உண்டு. ஓரம் கிழிந்தவற்றை ஒதுக்கிப் போடுவார்கள். பேக்கிங் சூப்பர்வைசரிடம் போய், “சார், கோயில் கட்டணும், பெட்டி வேணும்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “மழ வந்தா ஏன் மாட்தீரம்மா?” என்று கேட்டார், என்ன செய்வீர்கள் என்று நிஜமான கவலையோடு. விளக்கிச் சொன்னதும் சிரித்து, கேட்டில் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். தினமும் நாலைந்து பெட்டிகளைத் தட்டையாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ஒசூர் ரோட்டு ஓரமாக நடப்பேன். லாரி ஒன்று கடந்தால் போதும், பெட்டிகளோடு நானும் பட்டம் மாதிரி கிளம்பப் பார்ப்பேன்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு பெட்டியிலும் மேல்நோக்கி ஓர் அம்பும், நனையக் கூடாது என்பதற்கு ஒரு குடையும் அச்சடித்திருக்கும். அம்பு பரலோகத்தைக் காட்டுகிறது என்றும், குடை ஆசாரியருடையது என்றும் அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். ஒட்டுவதற்குப் பசை மட்டும் இல்லை.

பசை மதிலுக்கு மேலிருந்து வந்தது. கொட்டகைக்குப் பக்கத்து வீடு கௌரம்மாவுடையது, கன்னடக்காரர். அவர் மகள் மஞ்சுளாவுக்குப் பத்து வயதிருக்கும். முதல் நாளிலிருந்தே மதில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டியபடி எங்கள் பாட்டையெல்லாம் எங்களுக்கு முன்னால் பாடி முடித்துவிடுவாள். அன்று மதிலுக்கு மேலே முதலில் ஒரு அலுமினியக் குண்டான் தெரிந்தது, அப்புறம் அவள் தலை. “மிஸ், மைதா பசை. எங்கம்மா காச்சினது. மயில்துத்தம் போட்டிருக்கு, வாய்ல வெக்காதீங்க.” அதற்குப் பிறகு தினமும் ஒரு குண்டான்.

சிக்கல் நாடகத்தின் அடுத்த காட்சியில் இருந்தது. கட்டட வேலை நடக்கும்போது பக்கத்து ஜனங்கள் வந்து, ‘நாங்களும் உங்களோடு கட்டுகிறோம்’ என்கிறார்கள். செருபாபேல், ‘முடியாது, நாங்களே கட்டிக்கொள்வோம்’ என்று அனுப்பிவிடுகிறான். செருபாபேலாக நடித்தவன் எபி. ஒன்பது வயது, கேள்வி கேட்காமல் ரஸ்னாகூடக் குடிக்க மாட்டான்.

“ஏன் டீச்சர் சேத்துக்கல?”

“அவங்க வேற சாமியும் கும்பிட்டாங்கடா.”

“மஞ்சுவும்தான் கும்பிடுறா. அவ பசை மட்டும் ஏன் வாங்கறோம்?”

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் ரஸ்னா கலக்கப் போய்விட்டேன்.

அதைவிடப் பெரிய சங்கடம் மறுநாள் வந்தது. பக்கத்து ஜனமாக நடிக்க யாரும் முன்வரவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும் வேஷம் யாருக்கு வேண்டும்? அப்போது மதிலிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். மஞ்சுளா எங்கள் பக்கம் குதித்து நின்றாள். “நான் பண்றேன் மிஸ். நான் நல்லா அழுவேன். பாக்கறீங்களா?” கேட்ட கையோடு முகத்தைக் கோணி அழுதும் காட்டினாள். பிரமாதமான அழுகை.

கலவரம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தமிழ்ச் சபையில், ஊரே கூடியிருக்க, பக்கத்து வீட்டுக் கன்னடப் பெண்ணைப் பார்த்து ‘நீ வேண்டாம் போ’ என்று சொல்லவைத்து அனுப்புவதா? பாஸ்டரிடம் அந்தக் காட்சியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். “வேதத்துல உள்ளத கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாதும்மா” என்றார். சரியென்று கௌரம்மா வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைத்து ஏதேதோ பேசினேன். அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நாட்கா தானேம்மா, பிடி, விடுங்க. ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னாடி அழுதுனே இருக்கா. இப்போ வேணாம்னா என் தலைய தின்னுடுவா” என்றார். நிம்மதியாகத் திரும்பினாலும் பயம் முழுதாக விடவில்லை.

கடைசி நாள் சாயங்காலம். கொட்டகை நிறைந்து வாசல்வரை ஜனம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி கௌரம்மாவும், அவரைச் சுற்றி அந்தத் தெருப் பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையாகக் கட்டியிருந்த அக்காவின் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பஞ்சு தாடி ஒட்டிய கிழவர்கள் அழத் தயார், வாலிபர்கள் கத்தத் தயார். பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. கிழிந்த துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு மஞ்சுளா வந்தாள். கையை நீட்டி, கணீரென்று, “நாங்களும் உங்களோடு கட்டுகிறோம்!” என்றாள். அத்தனை சுத்தமான தமிழ்!

எபி வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“முடியாதுன்னு சொல்றா” என்று புடவைக்குள்ளிருந்து கிசுகிசுத்தேன்.

அவன் என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எனக்கு வரல டீச்சர்” என்றான். பிறகு அவளிடம், “சரி வா. அந்தப் பெட்டிய எடு” என்றான்.

மஞ்சுளாவின் முகம் சிவந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

“ஏய்! நான் அழணும்டா! முடியாதுன்னு சொல்லு!”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லுடா, ஹேளோ!”

“மாட்டேன்! நீதானே பசை குடுத்தே?”

“ஏ மஞ்சூ! ஜகளா மாட்பேடா! சண்ட வேணாம், பெட்டிய எடுடீ!” என்று மதிலிலிருந்து கௌரம்மா ஓர் அதட்டல் போட்டார். அவ்வளவுதான். தன் அருமையான காட்சி கைநழுவிப் போன ஆத்திரத்தில் மஞ்சுளா நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். கண்ணாடி முன்னால் பழகியதையெல்லாம் மிஞ்சிய அழுகை. அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கி உச்சியில் ‘டப்’பென்று வைத்தாள். இதுதான் தங்கள் கட்டம் என்று நினைத்துக் கிழவர்கள் ஓலமிட்டார்கள், வாலிபர்கள் துள்ளிக் குதித்துக் கத்தினார்கள். யாரோ ஜமுக்காளத்தைப் பிரித்து டிரம்மை எடுத்து அடித்தே விட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கைதட்டல், விசில். அக்கா வீட்டுக்காரர், ஆறு மாதமாகச் சத்தம் போட்டுப் பேசாத மனிதர், தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் வெகுநேரம் குலுங்கியது. அது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரோட்டில் போன ஆட்டோக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள்.

நான் புடவைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து பாஸ்டரின் முன்னால் நின்றேன். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கத எங்கம்மா போச்சு?”

“தெரியல பாஸ்டர். போயிடுச்சு.”

“ம். அந்தச் சத்தம் மட்டும் எழுதியிருக்கிற மாதிரியே வந்துடுச்சு” என்றவர், கௌரம்மாவை உள்ளே கூப்பிட்டு ரஸ்னா கொடுக்கச் சொன்னார். மஞ்சுளா மட்டும் எபியோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து பெட்டிகளைப் பிரித்து, சறுக்கு மரம் செய்து விளையாடினார்கள்.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணமாகி அல்சூர் பக்கம் போய்விட்டேன். கம்பெனி பிற்பாடு மூடப்பட்டது. சபை வேறொரு ஏரியாவில் கான்கிரீட் மண்டபமாகிவிட்டது, வி.பி.எஸ். அங்கே திரையில் படம் போட்டு நடக்கிறது, நல்ல ஏற்பாடுதான், சத்தம் வெளியே போகாதபடி கதவையும் அடைத்துவிடுகிறார்கள். கௌரம்மா வீட்டை விற்றுவிட்டு தும்கூர் பக்கம் போனதாகக் கேள்வி. எபி எங்கோ வெளிநாட்டில். அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. சென்ற மாதம் பொம்மனஹள்ளியில் ஆட்டோவை விட்டு இறங்கி அந்தச் சந்தைத் தேடினேன். தலைக்கு மேலே பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. கொட்டகையும் வீடும் இருந்த இடத்தில் ஒரே கட்டடம், ஆறு மாடி, கீழே டைல்ஸ் கடை. நடுவிலிருந்த மதில் எந்த இடத்தில் ஓடியது என்று காலால் அளந்து பார்க்கப் பார்த்தேன். பிடிபடவில்லை.