முகத்தைப் பார்த்துக் கொடுத்த நாடு

அனைத்துலக வணிகம் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் தோட்டத்தில் உடனே வரும் கேள்வி, "எந்தக் கடையில வேல தருவாங்க?" என்பதுதான். கோலா சாவா பக்கம் செம்பனைக்கு நடுவில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ரந்தாவ் வரைக்கும் போவேன். அங்கிருந்து சிரம்பானுக்கு ஒரு பஸ். அங்கே இறங்கி மந்தின் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு பஸ். உலகத்தைப் படிக்கப் போகிறவளுக்கு எங்கள் நெகிரி மாநிலத்துக்குள்ளேயே போய்ச் சேரப் பாதி நாள் போய்விடும்.

மூன்றாம் ஆண்டில் பன்னாட்டுப் பேரம் என்றொரு பாடம். அதை நடத்திய விரிவுரையாளர் இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பண்பாடுகளுக்கு இடையிலான புரிதல்தான் அவருடைய ஆராய்ச்சி. எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவோம். முதல் வகுப்பிலேயே டாக்டர் ஒரு செய்தி சொன்னார். நெதர்லாந்தில் செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்று எங்களில் ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். ராட்டர்டாம் துறைமுகத்தில் ஆறு மாதம். விமான டிக்கெட்டும் அவர்களுடையது. இந்தப் பாடத்தின் செய்முறைத் தேர்வைப் பார்த்து டாக்டர்தான் ஆளைச் சொல்வார்.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அப்பா லோரி ஓட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஏற்றும் செம்பனைக் குலைகளை ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். இந்தப் படிப்பை எடுத்ததே அதற்காகத்தான்.

அடுத்த வாரம் நாடு பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாட்டைப் பற்றிப் படித்து, தேர்வன்று அந்த நாட்டு வியாபாரியோடு பேரம் பேச வேண்டும். நான் நெதர்லாந்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வைத்திருந்தேன். கையையும் தூக்கினேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "நீ இந்தியா, நேச்சுரலி" என்றார்.

சீனப் பிள்ளைகளுக்குச் சீனா. மலாய்ப் பிள்ளைகளுக்கு இந்தோனேசியா, அதில் இடம் போதாமல் போனவர்களுக்குச் சவூதி. யாழ்ப்பாணத்து வழியில் வந்த கிறிஸ்துவப் பெண் ஒருத்தி, தன் குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். "பக்கம்தானே" என்று அவளையும் என் பக்கத்தில் உட்கார வைத்தார். சரவாக்கிலிருந்து வந்த இபான் பழங்குடி மாணவனைப் பார்த்ததும்தான் டாக்டருக்குக் கொஞ்சம் தடுமாற்றம். யோசித்துவிட்டுப் பிரேசிலைக் கொடுத்தார். அங்கேயும் காடு இருக்கிறதாம். நெதர்லாந்துக்குப் பொருத்தமான முகம் வகுப்பில் எதுவும் கிடைக்காததால், பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போய்த் துலிப் பூவுக்கு நடுவில் படம் எடுத்துக்கொண்ட, சிரம்பான் பக்கத்துப் பாரோய்க்காரனுக்கு அது போனது.

அம்மா எங்கள் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். சாயங்காலம் அவரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"இந்தியாவா? ஒனக்கு என்னாடி தெரியும் இந்தியாவப் பத்தி?"

"அதத்தாம்மா நானும் கேக்குறேன்."

"சரி லா, சீரியல்ல பாக்குறோம்ல. அதுல வர்ற மாரியே சொல்லிரு. மாமியாக்காரி ஒருத்தி இருப்பா, எல்லாத்துக்கும் வெசம் வெப்பா."

எங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. சேலம் பக்கம் என்பார் அப்பா. வட ஆற்காடு என்று சண்டைக்கு வருவார் பெரியப்பா. இருவரும் இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை.

ஆகவே இந்தியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நான் டாக்டரின் ஸ்லைடுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தியர்கள் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். டாக்டர் என் அம்மாவைச் சந்தித்ததில்லை. நான் கேட்டு முடிப்பதற்குள் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இந்தியர்கள் நேரத்துக்கு வர மாட்டார்கள். அப்பாவின் லோரி விடிவதற்கு முன்பே ஆலை வாசலில் வரிசையில் நிற்கும். இந்தியர்களுக்கு முதலில் உறவு, பிறகுதான் வியாபாரம். எங்கள் சொந்தக்காரர்களோடு ஒரு தடவை கொடுக்கல் வாங்கல் செய்திருந்தால் அதை எழுதியவர் அழித்திருப்பார். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். ராட்டர்டாம் வேண்டுமே.

தேர்வுக்குப் பாரம்பரிய உடையில் வரச் சொன்னார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, காலில் சப்பாத்தோடு, இரண்டு பஸ் ஏறிப் போனேன். ஓட்டுநர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

எனக்கு வந்த வியாபாரி நிஜமானவர். கோயம்புத்தூரில் சோப்பு ஆலை வைத்திருக்கிறார். எண்ணெய் வாங்கக் கோலாலம்பூர் வந்திருந்தவரை டாக்டர் எப்படியோ பிடித்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கோட்டும் டையுமாக வந்து உட்கார்ந்திருந்தார். தாமதமாக வந்தது டாக்டர்தான்.

"வணக்கம் சார். பசியாறிட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சோ க்யூட். இந்தத் தமிழ எங்கங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நேராக ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார்.

எங்கே கற்றுக்கொண்டேனாம். எனக்குச் சுருக்கென்று ஏறியது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும். எண்ணெய்க்கு நான் ஒரு விலை சொன்னேன். "நோ" என்றார், முகத்துக்கு நேரே. அதோடு ஸ்லைடுகளை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். கப்பல் கட்டணம் யாருடையது, காப்புறுதி யார் தலையில், கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு தேங்கினால் நட்டம் யாருக்கு என்று ஒவ்வொன்றாக இழுத்தேன். பாதியில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கடைசியில் என் விலைக்கே ஒத்துக்கொண்டு, கப்பல் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டு, எழுந்து நின்று கை கொடுத்தார். வகுப்பே கை தட்டியது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

பாரோய்க்காரனுக்கு நெதர்லாந்து வியாபாரி யாரும் கிடைக்கவில்லை. டாக்டரே ஆரஞ்சு நிறக் கழுத்துத்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வியாபாரியாக உட்கார்ந்தார். அவர் கேட்ட விலைக்கே இவன் சரி என்று சொல்லி, நன்றியும் சொன்னான்.

வகுப்பில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். ராட்டர்டாம் அவனுக்கு.

டாக்டரின் அறைக்குப் போய் ஏன் என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நீ பிரமாதமாகச் செய்தாய். உன் மக்களை எவ்வளவு அழகாகக் கையாண்டாய். ஆனால் அங்கே மலேசியாவின் முகமாக ஒருவர் போய் நிற்க வேண்டும். உன் பலம் இந்தியா. கோயம்புத்தூர்க்காரரிடம் உனக்காகப் பேசியிருக்கிறேன்" என்றார். அவர் குரலில் பாசம் இருந்தது. எனக்கு நல்லது செய்ததாகவே நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மந்தின் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் பஸ் வரும்வரை ஓயவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் சொன்னபடி கூப்பிட்டார். "கிள்ளான்ல நமக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருக்குங்க. சுங்கத்துறைல போய் மலாய்ல பேசறதுக்கு ஒரு மலேசியப் பொண்ணு வேணும். நீங்க கரெக்டா இருப்பீங்க" என்றார். இந்த விவகாரம் முழுவதிலும் என்னை மலேசியப் பெண் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். போய் வேலையில் சேர்ந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது ராட்டர்டாமிலிருந்து செய்தி வந்தது. பாரோய்க்காரன்தான். அங்கே எல்லோரும் செம்பனைத் தோட்டத்தைப் பற்றியே கேட்கிறார்களாம். இவன் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லையாம். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பேச வேண்டும், தலைப்பு 'என் மலேசியா'. உங்கள் வீடு எஸ்டேட்டில்தானே, கொஞ்சம் படம் அனுப்பேன் என்று எழுதியிருந்தான். குலை, லயம், முடிந்தால் லோரியோடு உன் அப்பா.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"பாவம் லா, அனுப்பு. அப்பாவ நல்ல சட்ட போட்டுக்கிட்டு நிக்கச் சொல்லவா?"

"வேணாம்மா" என்றேன். அவனுக்குப் பதில் எழுதினேன், மிகவும் மரியாதையாக. மன்னிக்கவும், மலேசியா என் பொறுப்பில் இல்லை. எனக்குக் கொடுத்தது இந்தியா.