விரால் பிடிக்கிறவரோடு திமிங்கலம் பார்க்கப் போனேன்

என் வீட்டுக்காரருக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி மீளாது என்று காஞ்சிபுரத்துக் கண் டாக்டர் சொன்னார். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நான் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். இவரோ டீயை ஊதிக்கொண்டே, "திமிங்கலத்த பாக்கணும்னா எந்த ஊருக்குப் போவணும்?" என்றார். கோபத்தில் என் டீயைக் கீழே கொட்டிவிட்டேன்.

அந்தப் பைத்தியம் அவருக்குப் புதிதல்ல. மானாம்பதி ஏரியில் விரால் பிடித்து வளர்ந்த மனுஷன். தண்ணீரிலேயே கிடந்தாலும் விரால் மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆகவேண்டும். அதற்காக இரண்டு பேர் கரையில் குந்தி, ஒரே இடத்தில் கண்ணை நட்டு வைத்திருப்பார்கள். பார்த்தவன் கத்தக் கூடாது, விரலை நீட்டக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் கையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் செல்போனில் திமிங்கலம் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு, "நம்ம விரால் மாதிரியே கீதும்மே! அவ்ளோ பெரிய ஒடம்ப வச்சிக்கினு அதுவும் காத்துக்கு மேல வருது பாரு" என்று வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து அதே பேச்சு. கண் இருக்கும்போதே ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அது என் ஆசையாகவும் ஆகிவிட்டது.

நான் அயர்லாந்தில் நர்ஸ், அவருக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. லீவுக்கு வந்தால் உத்திரமேரூரில் எங்கள் அம்மா வீடுதான். பக்கத்து வீட்டு அக்கா விஷயத்தைக் கேள்விப்பட்டு, "மீன் பாக்கவா ஏரோப்ளேன்ல போறீங்க? மார்க்கெட்டாண்ட போனா கூறு கட்டி வச்சிருக்கான்" என்றாள்.

அந்த லீவிலேயே இலங்கைக்குப் போனோம். மிரிஸ்ஸவில் படகு ஏறினோம். கடல் அன்று பேய் பிடித்து ஆடியது. காலையில் தின்ற நாஷ்டா முழுவதும் கடலுக்குப் போனது, அவருடையதும் என்னுடையதும். திமிங்கலம் வரவில்லை. "ஏரிலகூட மொத நாளே மாட்டுமா?" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

அடுத்த கோடையில் ஐஸ்லாந்து. அதற்குள் அவருக்கு உலகம் ஒரு குழாய் வழியாகத்தான் தெரிந்தது. படகில் வழிகாட்டிப் பெண் மைக்கில் திசை சொல்வாள், கூட்டம் அந்தப் பக்கம் ஓடும். இவர் தன் குழாயைத் திருப்பி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வெறும் நுரைதான் மிச்சம் இருக்கும். எல்லாரும் ஆகா ஓகோ என்பார்கள். இவர் "எங்க, எங்க" என்பார். 

பிறகு அவர் ஓடுவதை நிறுத்தினார். படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்து ஒரே இடத்தில் கண்ணை நட்டார். நான் பக்கத்தில் நின்று நாலா பக்கமும் தேடினேன். திடீரென்று என் கையை நசுக்கினார். குளிர் தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் கன்னமெல்லாம் கண்ணீர்.

"இன்னா ஆச்சி?"

"வந்துச்சி."

"எங்க?"

"பூடுச்சி."

முதுகு போய்க்கொண்டே இருந்ததாம், முடியவே இல்லையாம். கடைசியில் வால் எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்டச் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியதாம். அதைப் பார்த்தவர் அந்தப் படகிலேயே இவர் ஒருவர்தான்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஒரு சத்தம் குடுத்தா இன்னா?"

"கத்துனா உள்ள பூடும்மே. அதான் கைய அமுத்துனனே!"

எனக்கு வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். அவர் பார்த்துவிட்டாரே என்ற சந்தோஷம் மறுபக்கம் பொங்கி, அந்தக் குளிரில் பைத்தியம் மாதிரி சிரித்தேன். அவர் முகம்தான் வாடியது. "அப்ப நீ பாக்கலியா?" என்றார். ஊர் திரும்பியும் விடவில்லை. "உனக்குக் காட்டாம நான் வுடமாட்டேன்."

அப்படித்தான் மெக்சிகோ போனோம். அப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். கடல் நிலத்துக்குள் நுழைந்து ஏரி போல அடங்கிக் கிடக்கும் இடம் அது. குட்டி போட வரும் சாம்பல் திமிங்கலங்கள் அங்கே படகருகே தானாக வரும் என்றார்கள். சின்னப் படகு. எஞ்சினை அணைத்தார்கள். தண்ணீர் அசையவில்லை. பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போனது.

அவர் தலையைச் சாய்த்தார். தூரத்தில் ஏதோ பெருமூச்சு மாதிரி கேட்டது. காற்று என்று நான் விட்டுவிட்டேன். அவர் என் கையை அழுத்தினார். அவர் முகம் திரும்பியிருந்த பக்கம் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் மெல்லப் புடைத்தது. பாறையில் ஒட்டியிருப்பது போலச் சிப்பிகள் ஒட்டிய ஒரு தலை கைக்கெட்டும் தூரத்தில் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. அதன் கண் என்னைப் பார்த்தது. அத்தனை பெரிய உயிர் என்னை ஒரு பொருட்டாக மதித்துப் பார்க்கிறதே என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமி கும்பிடத் தோன்றியது, கை எழவில்லை. படகில் எல்லாரும் கத்தினார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை.

அது மூச்சு விட்டது. அழுகிய மீன் நாற்றத்தோடு சாரல் எங்கள் இருவர்மேலும் இறங்கியது. துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைக்கப் போனேன். "வுடு, இருக்கட்டும்" என்றார்.

பிறகு என் பக்கம் குனிந்து, "பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அவர் கையை அழுத்தினேன்.