ஜனாதிபதி நிராகரித்த ஆடுகளம்

குகதாசன் லண்டன் தமிழருக்கு வானொலியில் செய்தி வாசிக்கிறவர். உடனே பெரிய நிலையம், பெரிய பதவி என்று கற்பனை செய்துவிட வேண்டாம். லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்தில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் அவரும் ஒலிவாங்கியும். மற்றதில் நிலையத்தை நடத்தும் அபிஷன். நடுவில் ஒரு கண்ணாடி. கீழே முருங்கைக்காய்ப் பெட்டி இறக்கும் சத்தம் செய்திக்கு நடுவே கேட்கும். தொடக்கத்தில் அதற்காக நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அவர் எதையும் எழுதி வைத்து வாசிப்பதில்லை. கண் ஆங்கிலத்தில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். காலையில் குரோய்டனில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பு, மதியம் இங்கே செய்தி என்று பல வருஷம் ஓடியதில் வந்த பழக்கம். ஒருவருடைய அப்பீலை ‘த்ரூ அவுட்’ செய்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வந்தால், மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது என்று தூக்கத்திலும் சொல்வார். இந்தத் திறமையில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

யுத்த காலத்தில் அந்தத் தலைக்கனத்துக்கு நியாயம் இருந்தது. அவருடைய மதியச் செய்திக்காக எத்தனையோ வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஓர் ஊரின் பெயரைப் பிசகாகச் சொன்னால் போதும், தொலைபேசி அலறும். நோர்பரியிலிருந்து கமலாம்பிகை ரீச்சர் எடுப்பார். ஊரில் தமிழ் படிப்பித்தவர். லண்டனில் பிள்ளைகள் அகப்படாததால் செய்தி வாசிப்பவரைப் பிடித்துக்கொண்டார். திட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார். அதோடு முடிந்ததா? வீட்டுக்குப் போனால் மனைவி சுசிலா. செருப்பைக் கழற்ற முதலே, இன்றைக்கு எங்கெங்கே சறுக்கினார் என்று சொல்லிக் காட்டுவார். அப்போதெல்லாம் குகதாசனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

போன இலையுதிர் காலத்தில் சுசிலா இறந்துபோனார். இப்போது வீட்டுக்குப் போனால் குளிர்சாதனப்பெட்டி உறுமுகிறது. அதைத் தவிர அவரோடு பேச அங்கே ஒன்றும் இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு தொலைபேசி மெல்ல மெல்ல ஓய்ந்து, கடைசியில் அடிப்பதையே மறந்துவிட்டது. மார்ச் மாதம் அபிஷன் அவரைக் கூப்பிட்டு, கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னான். இந்தக் காலத்தில் எல்லாரும் செய்தியைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். மதியச் செய்தி நேரத்துக்கு மேனுஷா என்ற பெண் பாட்டு நிகழ்ச்சி செய்யக் கேட்கிறாள். கெட்ட பிள்ளை இல்லை அபிஷன்.

“ஆராவது கேக்கினம் எண்டு தெரிஞ்சால் நான் நிப்பாட்டமாட்டன், அங்கிள். ஒரு கோல் வந்தாலே காணும்.”

ஒரே ஒரு அழைப்பு. அன்றிலிருந்து குகதாசன் செய்தியைவிடத் தொலைபேசியைத்தான் அதிகம் பார்த்தார்.

ஏப்ரலில் அந்தப் பிழை நடந்தது. அமெரிக்காவில் பேஸ்போல் பருவம் தொடங்கியதைப் பற்றி இரண்டு வரி வந்திருந்தது. முன்னாள் ஜனாதிபதி ஒருவர் முதலாவது ‘பிட்ச்’ஐச் சம்பிரதாயப்படி ‘த்ரூ அவுட்’ செய்தார் என்றது ஆங்கிலம். கிரிக்கெட்டில் ஊறிய யாழ்ப்பாணத்து மூளைக்கு பிட்ச் என்றால் ஆடுகளம். குரோய்டனில் ஊறிய வாய்க்கு த்ரூ அவுட் என்றால் நிராகரிப்பு. குகதாசன் கம்பீரமாக வாசித்தார்: பேஸ்போல் பருவத்தின் முதலாவது ஆடுகளத்தை முன்னாள் ஜனாதிபதி சம்பிரதாயபூர்வமாக நிராகரித்தார்.

வீட்டுக்குப் போகும் டிராமில் அந்தப் படம் கைத்தொலைபேசியில் கண்ணில் பட்டது. தொப்பி போட்ட முன்னாள் ஜனாதிபதி, கையை ஓங்கி, முதல் பந்தை எறிந்துகொண்டிருந்தார். பேஸ்போலில் பிட்ச் என்றால் எறியும் பந்து, த்ரூ அவுட் என்றால் எறிவது! குகதாசனுக்குக் காது சுட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த கணமே மனது துள்ளியது. இப்படி ஒரு பிழையை யார் சும்மா விடுவார்கள்? நாளைக்குத் தொலைபேசி கிழியப் போகிறது.

மறுநாள் வெள்ளென வந்து அபிஷனிடம் கேட்டார். ஒருவரும் எடுக்கவில்லை. அபிஷன் லண்டனில் பிறந்தவன். அவனுக்கும் பிழை ஒன்றும் தட்டுப்படவில்லை. முறைப்படி திருத்தம் வாசித்திருக்க வேண்டும். குகதாசன் வாசிக்கவில்லை. யாராவது எடுத்துச் சொல்லட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டார்.

காத்திருந்த நாட்களில் நூலகத்துக்குப் போய் அந்த விளையாட்டைப் பற்றித் தேடினார். டாஃப்ட் என்ற ஜனாதிபதி 1910இல் பார்வையாளர் பக்கம் இருந்தபடியே பந்தை எறிந்து அந்தச் சம்பிரதாயத்தைத் தொடக்கி வைத்தாராம். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக எறிந்தார்கள். உலக யுத்தம் நடந்தபோது ரூஸ்வெல்ட், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், சனத்துக்கு அது தேவை என்று எழுதினாராம். இங்கே லண்டனிலேயே, செல்சியில், 1918இல் அமெரிக்கப் படையினர் ஆடிய ஆட்டத்துக்கு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் போயிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட பந்து ஜனாதிபதி வில்சனுக்குப் போனதாம். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில தலைவர்கள் அழகாக எறிந்தார்கள், சிலர் எறிந்தது எங்கேயோ போனது. ஆனால் எப்படி எறிந்தாலும் எதிரே கையை விரித்தபடி ஒருவன் அதற்காகவே காத்திருந்தான். குகதாசனுக்குப் பொறாமையாக இருந்தது. நாட்டை ஆள்கிறவர்களைப் பார்த்து அவர் வாழ்க்கையில் பொறாமைப்பட்டது அதற்கு மட்டும்தான்.

பிறகு அவர் செய்த காரியத்தைச் செய்தி வாசிப்பவர் எவரும் செய்யக்கூடாது. வேண்டுமென்றே பிழை விட்டார். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் செல்சியில் துடுப்பெடுத்தாடிச் சதம் அடித்தார் என்று வாசித்தார். டாஃப்ட் ஜனாதிபதி எறிந்த பந்து இன்னும் கீழே விழவில்லை என்றார். குரல் நடுங்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அபிஷன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். தொலைபேசி குத்துக்கல்லாக இருந்தது.

அன்று குகதாசனுக்கு விளங்கிவிட்டது. மன்னர் சதம் அடித்தாலும் கேட்க ஆளில்லை. இத்தனை நாளும் ஒரு வெறும் அறைக்குள் இருந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறார். அவரே அபிஷனிடம் போய், அந்தப் பாட்டுப் பிள்ளைக்கே நேரத்தைக் கொடுக்கச் சொன்னார். அபிஷன் உண்மையாகவே கவலைப்பட்டான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றே மேனுஷாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான்.

கடைசி நாளன்று குகதாசன் முதன்முறையாக எழுதி வைத்து வாசித்தார். தான் சொன்ன பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். யாரும் கேட்காவிட்டாலும் பொய்யை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. இதுவே தன் கடைசிச் செய்தி என்று சொல்லி, வணக்கம் கூறி, ஒலிவாங்கியை அணைத்தார். அபிஷன் பாட்டைப் போட்டான்.

தொலைபேசி அடித்தது.

“தம்பி, நான் கமலாம்பிகை. இண்டையோட நிப்பாட்டுறீங்களோ?”

 கேட்க ஒருவரும் இல்லை, அதனால்தான் என்றார் குகதாசன்.

 ரீச்சர் மெதுவாகச் சொன்னார். ரீச்சர் ஒரு நாளும் விடாமல் செய்தி கேட்கிறார். கீழ் வீட்டு நாகேஸ்வரியும் கேட்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலில் சந்திக்கிறவர்களில் பாதிப்பேர் கேட்கிறார்கள். ஜனாதிபதி ஆடுகளத்தை நிராகரித்தது எல்லாருக்கும் தெரியும்.

“சுசிலா போனாப்பிறகு பாவம், மனுசன் குழம்பிப்போனார் எண்டு நாங்கள் கதைச்சனாங்கள். பிழை சொல்லி நோகடிக்கப்படாது எண்டுதான் ஒருத்தரும் எடுக்கேல்லை. எனக்குக் கை துருதுருத்தது, தம்பி. பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான்.”

குகதாசனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பக்கம் அத்தனை பேரும் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அவர் செத்த வீட்டில்போல இருந்திருக்கிறார். ஒருவர், ஒரே ஒருவர் எடுத்து ஏசியிருந்தால் போதுமே. கண்ணாடிக்கு அப்பால் மேனுஷா வந்து, நாளைக்குப் பழகிப் பார்க்க அவருடைய கதிரைக்காகக் காத்து நின்றாள்.

“அப்ப நாளைக்கு?” என்று கேட்டார் ரீச்சர்.

“நாளைக்குப் பாட்டு, ரீச்சர்.”

 பிறகு குகதாசன், தான் விட்ட பிழைகளை இப்போதாவது சொல்லும்படி கேட்டார். எல்லாவற்றையுமா என்றார் ரீச்சர். ஒன்றும் விடாமல் என்றார் அவர்.

ரீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். அவர் ஏப்ரலிலிருந்து தொடங்கவில்லை.

“செத்தவீடு முடிஞ்சு நீங்கள் திரும்பி வந்த முதல் நாள். வணக்கம் சொல்லாமலே செய்தியைத் தொடங்கினீங்கள்.”

அன்று என்ன வாசித்தார் என்பதே குகதாசனுக்கு நினைவில்லை.