வெள்ளையணு எண்ணும் ராஜமணி

கோவில்பட்டியில் ஒரு தனியார் நாய் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவள் ராஜமணி. பதினோரு வருஷமாக அதுதான் வேலை. பார்வோ என்ற தொற்றுநோய் வந்து, வாந்தியும் ரத்தக்கழிச்சலுமாய்த் துவண்டு வரும் குட்டிகளின் ரத்தத்தை மெஷினில் வைத்தால் வெள்ளையணு எத்தனை என்று சீட்டு வரும். ஆயிரத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பிழைக்காது. டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? சீட்டைக் கிழித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கொண்டுவந்தவர்களிடம் வாய் திறப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள்.

அதைக் கெடுத்தவர் நாகலாபுரத்து மிளகாய் விவசாயி கருத்தப்பாண்டி. கன்னி ஜாதி வேட்டைநாய்க் குட்டி ஒன்றைத் துண்டில் பொதிந்து பைக்கில் கொண்டுவந்தார். அவர் பக்கத்தில் அந்த ஜாதிக் குட்டியை விலைக்குத் தரமாட்டார்கள். கடைசிவரை காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுப்பவருக்குச் சும்மா தருவார்கள்.

"சம்பந்தி வீட்டுல வாங்குனது தாயி. இது போச்சுன்னா அவிய மொகத்துல எப்படி முழிப்பேன்?" அவ்வளவு பெரிய மனுஷர் நின்று அழுதார்.

சீட்டில் ஆறாயிரத்து இருநூறு. நல்ல எண்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. "பயப்படாதீங்க அண்ணாச்சி, பொழைச்சுக்கிடும்" என்று சொல்லித் தொலைத்தாள்.

முதல் நாள் எண்ணை நம்பக்கூடாது, மறுநாள் ஏறுகிறதா இறங்குகிறதா பார்க்க வேண்டும், குட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர் சுதாராணி. கருத்தப்பாண்டி தலையாட்டினார். ராஜமணி சாப்பிடப் போன நேரத்தில், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறி முடிந்ததும், குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "அந்தத் தாயி வாக்குச் சொல்லிட்டாவ, பெறகு என்ன?" என்றாராம்.

மூன்றாம் நாள் காலையில் திரும்ப வந்தார். குட்டிக்குத் தலை நிற்கவில்லை. நானூறு. நம்பாமல் மறுபடியும் ஓட்டினாள். முந்நூற்று எண்பது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு ஊசி ஏற்றப் போனார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று ராஜமணிக்குத் தன்மேலேயே ஆத்திரமாய் வந்தது. ஏசட்டும், நாலு வார்த்தை நன்றாய் ஏசட்டும் என்று அவர் முன்னால் போய் நின்றாள்.

கருத்தப்பாண்டி ஏசவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"அன்னைக்கு நீங்க சொன்ன பொறவுதான் தாயி ஒரு வாய் தண்ணி குடிச்சுது. உங்க வாக்கு பலிக்குது. இன்னும் ஒரு தடவ சொல்லுங்க."

சீட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

"பொழைச்சுக்கிடும் அண்ணாச்சி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு நாளாய்க் குடிக்காத டீயைக் குடிக்கப் போனார்.