ஒரு மில்லியன் மூன்று

என் அக்கா எண்களுக்கு ஜாதகம் பார்ப்பாள். எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் போகும்போது, முன்னால் ஓடும் காரின் நம்பரைக் காட்டி இது என்ன வகை என்பாள். ஒற்றை, இரட்டை என்று மட்டும் சொன்னால் முறைப்பாள். எதனாலெல்லாம் வகுபடும், அல்லது எதனாலும் வகுபடாத பகா எண்ணா என்று சொன்னால்தான் விடுவாள். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள் ஒன்பது வயதுத் தங்கையிடம் காட்டிய இரக்கம் அவ்வளவுதான். ஓர் இலக்கம் பிசகினாலும் சிவப்பு மையால் வட்டம் போடுவாள். அழுதாலும் வட்டம் வட்டம்தான்.

அந்த அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தபோது நான் கட்டிலை விட்டு நகரவில்லை. முடி கொட்டிப்போன அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் 1,000,003 என்று எழுதி நீட்டினாள்.

“வெளிய உக்காந்து இத உடைச்சிட்டு வா லா. எதால வகுபடும்னு கண்டுபிடி, நான் வீட்டுக்கு வந்துடுறேன்.”

அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று நம்பினேன். பள்ளி விட்டதும் வந்து வார்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். ஏழால் வகுத்தால் நான்கு மீந்தது. பதின்மூன்றால் வகுத்தாலும் அதே நான்கு. எண் அசைந்து கொடுக்கவே இல்லை. புக்கிட் தெங்கா ஃபேக்டரியிலிருந்து வரும் அப்பா என் பென்சிலைப் பார்த்துவிட்டு உள்ளே போவார்.

ஒருநாள் டாக்டர் அக்காவின் கட்டிலருகில் நின்று அப்பாவிடமும் அம்மாவிடமும் வெகுநேரம் பேசினார். அவர் போனதும் நான் உள்ளே ஓடினேன்.

“அக்கா, உடைச்சிட்டேன்! ஐம்பத்து மூணு பெருக்கல் பதினெட்டாயிரத்து எண்ணூத்தி அறுபத்தெட்டு!”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். சிவப்புப் பேனா கேட்பாளோ என்று பயந்தேன். என் பென்சிலாலேயே பெரிதாக ‘சரி’ போட்டாள். நான் வார்டே அதிரக் கைதட்டினேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் கணக்கால்தான் அக்கா வந்தாள் என்று பீற்றிக்கொண்டேன். “ஆமா, இவதான் கூட்டிட்டு வந்தா” என்பாள் அக்கா. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தைப்பூசம் வருவதற்குள் அக்கா போய்விட்டாள். கணக்கைச் சரியாகப் போட்டும் போய்விட்டாளே என்று வெகுகாலம் அவள்மேல் எனக்குக் கோபம்.

வளர்ந்தபின் ஒருநாள், அதே பஸ்ஸில், அந்த இரண்டு எண்களையும் மனத்துக்குள் பெருக்கத் தொடங்கினேன். முழுக்கப் பெருக்கத் தேவையே இருக்கவில்லை. கடைசி இலக்கங்களே போதும்: மூவெட்டு இருபத்துநாலு. விடை நான்கில் முடியும், மூன்றில் அல்ல. 1,000,003 ஒரு பகா எண். உடையாது என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொன்னபின், என்னை மறுபடி வாசலுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

வாழ்நாளில் அக்கா வட்டம் போடாமல் விட்ட ஒரே பிழை அது. அதற்குத்தான் நான் கைதட்டினேன்.